இதயத் தசை தடித்தால் ஈசிஜியில் என்ன மாறும், ஏன் மாறும்?

ஈசிஜி எடுத்ததும் தாளின் மேல் ஓரத்தில் மெஷினே ஒரு வரியை அச்சடித்துக் கொடுத்துவிடும். அதில் 'எல்விஎச், வோல்டேஜ் கிரைட்டீரியா' என்று இருந்தால், இடது கீழறையின் சுவர் தடித்திருக்கலாம் என்று மெஷின் சந்தேகப்படுகிறது என்று பொருள். இதைப் படித்ததும் இதயம் வீங்கிவிட்டதோ என்று கலங்கிப்போகிறவர்கள் உண்டு. மெஷின் எதையாவது போடும் என்று தாளை மடித்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. அந்த வரி எதை வைத்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பது பிடிபடும்.

முதலில் ஒன்று: ஈசிஜி மெஷினுக்குச் சுவரின் தடிமன் தெரியாது. ஒவ்வொரு துடிப்பிலும் தசையில் ஓடும் மின்சாரத்தின் மிச்சசொச்சம் தோலுக்கு வந்து சேருகிறது. அந்த ஓரிரண்டு மில்லிவோல்ட்தான் அதற்குத் தெரியும். தடிமனை மில்லிமீட்டரில் அளந்து சொல்வது, ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவின் வேலை. அப்படியானால் தடிமனுக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தசை ஏன் தடிக்கிறது

பெரியவர்களின் இடது கீழறைச் சுவர் சாதாரணமாக 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். பெண்களுக்கு 9 வரை. ரத்த அழுத்தம் பல வருடங்கள் கூடுதலாகவே இருந்தாலோ, இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வு சுருங்கிப்போயிருந்தாலோ, அந்த அறை ஒவ்வொரு முறையும் அதிக அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. சுவரின் மீது விழும் இழுவிசை, அழுத்தத்தையும் அறையின் ஆரத்தையும் பெருக்கி, தடிமனின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும். அழுத்தம் கூடும்போது இழுவிசையைப் பழைய அளவுக்கே கொண்டுவர இதயத்துக்கு ஒரே வழிதான்: தடிமனைக் கூட்டுவது.

வளர்ந்த இதயத்தில் தசைச் செல்கள் பெரும்பாலும் புதிதாகப் பெருகுவதில்லை. இருக்கிற செல்களே பருக்கின்றன. அழுத்தச் சுமை என்றால் சுருங்கும் இழைகள் பக்கவாட்டில் அடுக்கடுக்காகச் சேர்ந்து செல் குறுக்கே பருக்கும், சுவர் உள்நோக்கித் தடிக்கும். வால்வு கசிந்து ரத்தம் திரும்பத் திரும்ப அறைக்குள் வந்து விழும் சுமை என்றால் இழைகள் நீளவாக்கில் சேரும், அறையே பெரிதாகும். இரண்டிலும் தசையின் மொத்த எடை கூடுகிறது.

செல் பருத்தால் சிக்கல் என்னவென்றால், அதோடு சேர்ந்து வளர வேண்டியவை எல்லாம் அதே வேகத்தில் வளர்வதில்லை. நுண் ரத்தக்குழாய்கள் பின்தங்குகின்றன. அதனால் சுவரின் உள்ளடுக்குக்கு ரத்தம் பற்றாமல் போகிறது. செல்களுக்கு நடுவே தழும்பு போன்ற நார்த்திசு படிகிறது. செல்லின் சவ்வில் பொட்டாசியத்தை வெளியே விடும் வாயில்கள் குறைகின்றன. ஈசிஜியில் நாம் பார்க்கப்போகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேர் இவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கும்.

மின்சாரம் நடக்கும் வழி

வலது மேலறையின் உச்சியில் இருக்கும் எஸ்ஏ முடிச்சில் துடிப்பு பிறக்கிறது. மேலறைகளைக் கடந்து ஏவி முடிச்சில் கொஞ்சம் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக இடம், வலம் என்று பிரிந்து, கடைசியில் பர்கின்ஜி இழைகள் என்னும் வலைக்கு வருகிறது. இந்த வலை கீழறைகளின் உட்புறத்தை ஒட்டிப் படர்ந்திருக்கிறது. இதில் மின்சாரம் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் பாயும். வலையை விட்டுச் சாதாரணத் தசைக்குள் இறங்கியதும் வேகம் சட்டென்று விழுந்துவிடும். உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போவது, சுமாராகச் சொன்னால் நொடிக்கு அரை மீட்டருக்கும் கீழேதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 0.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் சுவரைக் கடக்க 25 மில்லி நொடி ஆகும். 16 மில்லிமீட்டர் சுவருக்கு 40 மில்லி நொடி. ஈசிஜி தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுவதால் ஒரு சின்னக் கட்டம் என்பது 40 மில்லி நொடி. ஆக, சுவர் ஒன்றரை மடங்குக்கு மேல் தடித்தாலும் காலக் கணக்கில் அரைக் கட்டம்கூட நகரவில்லை. வெறும் கண்ணுக்கு இது தப்பிவிடும். அதனால்தான் தடிமனைத் தேடும்போது எல்லோரும் முதலில் அலைகளின் உயரத்தைப் பார்க்கிறார்கள்.

உயரம் ஏன் கூடுகிறது

கீழறைகளின் மின்னேற்றம் மாறும்போது தாளில் வரையப்படுவது கியூஆர்எஸ் என்னும் அலைத்தொகுதி. உடலில் ஒவ்வொரு கோணத்திலிருந்தும் இதயத்தின் மின்சாரத்தைப் பதிவதை லீட் என்பார்கள். இடது கீழறை வலதைவிட மூன்று மடங்கு தடிமன் என்பதால், சாதாரண இதயத்திலேயே மின்விசையின் கூட்டுப்பலன் இடப்பக்கமாகவும் பின்பக்கமாகவும் சாய்ந்திருக்கும். மார்பெலும்பின் வலப்பக்கம் வைக்கும் வி1 லீடை விட்டு அது விலகிப் போகிறது; அங்கே கீழ்நோக்கிய எஸ் அலை ஆழமாக விழும். இடப்பக்கம் இருக்கும் வி5, வி6 லீட்களை நோக்கி வருகிறது; அங்கே மேல்நோக்கிய ஆர் அலை உயரமாக எழும்.

இடது கீழறை தடித்தால் இதே படம் மிகைப்படுகிறது. பருத்த செல் ஒவ்வொன்றும் கூடுதல் மின்னோட்டம் தருகிறது, ஒரே நேரத்தில் நகரும் மின்முகப்பின் பரப்பும் பெரிதாகிறது. பெரிதான இதயம் மார்புச் சுவருக்குக் கொஞ்சம் நெருக்கமாகவும் வந்துவிடுகிறது. வி1ல் எஸ் இன்னும் ஆழமாகும், வி5ல் ஆர் இன்னும் உயரும்.

இதை எண்ணால் பிடிக்க இரண்டு விதிகள் அதிகம் புழங்குகின்றன. சோகோலோவ், லயன் இருவரும் 1949ல் தந்த விதி: வி1ல் எஸ் அலையின் ஆழத்தோடு வி5 அல்லது வி6ல் எது பெரிதோ அந்த ஆர் அலையின் உயரத்தைக் கூட்டு, 35 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வந்தால் தடிப்பு இருக்கலாம். கார்னெல் விதி: இடது கைப் பக்கமிருந்து பார்க்கும் ஏவிஎல் லீடின் ஆர் அலையோடு வி3ன் எஸ் அலையைக் கூட்டு, ஆணுக்கு 28, பெண்ணுக்கு 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் தடிப்பு.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். வி1ல் எஸ் 18, வி5ல் ஆர் 21. கூட்டினால் 39, முதல் விதிப்படி தடிப்பு உண்டு. அதே தாளில் ஏவிஎல்லில் ஆர் 9, வி3ல் எஸ் 16. கூட்டினால் 25. இது ஒரு பெண்ணின் ஈசிஜி என்றால் தடிப்பு, ஆண் என்றால் இல்லை! ஆனால் கியூஆர்எஸின் அகலத்தையும் சேர்த்துப் பெருக்கும் கார்னெல் பெருக்கல் என்று இன்னொன்று இருக்கிறது. அகலம் 100 மில்லி நொடி என்றால் 25 பெருக்கல் 100, அதாவது 2500. ஆணுக்கு அதன் எல்லை 2440. ஆக, இப்போது அந்த ஆணுக்கும் தடிப்பு என்று வருகிறது. ஒரே தாள், ஒரே இதயம், விதிக்கு விதி பதில் மாறுகிறது. விதிகள் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. உயரமும் காலமும் தடிப்பின் வெவ்வேறு விளைவுகள், எல்லோரிடமும் இரண்டும் ஒரே அளவில் தெரிவதில்லை.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கியூஆர்எஸ் தொடங்கியதிலிருந்து ஆர் அலையின் உச்சிக்கு ஏற வி5, வி6ல் 50 மில்லி நொடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் அது தடிப்புக்குத் துணைச் சாட்சி. கியூஆர்எஸ் முழுவதும் 100, 110 மில்லி நொடி வரை அகலலாம். 120ஐத் தாண்டி, ஹிஸ் கற்றையின் இடது கிளையில் மின்சாரம் தடைபடும் இடது கற்றைத் தடையின் உருவம் வந்துவிட்டால் மேலே சொன்ன உயர விதிகளை அப்படியே பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

தசை பழைய நிலைக்குத் திரும்புவதில் வரும் கோளாறு

நம் கணிப்பில் மொத்தத் தாளிலும் அதிகக் கவனம் கேட்கும் இடம் இதுதான். உயரம் கூடியிருப்பதைவிட, துடிப்பு முடிந்து தசை மின்ரீதியாக ஓய்வுக்குத் திரும்பும் பகுதி கெட்டிருப்பது கவலைக்குரியது.

சாதாரண இதயத்தில் ஒரு வினோதம் உண்டு. மின் அலை உள்ளடுக்கில் தொடங்கி வெளியடுக்கில் முடிகிறது. முதலில் விழித்தது முதலில் தூங்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? நடப்பது தலைகீழ். கடைசியாக விழித்த வெளியடுக்குதான் முதலில் ஓய்வுக்குத் திரும்புகிறது. அதன் செல்களின் மின்துடிப்பு நேரம் குறைவு. திசையும் தலைகீழ், மின்னேற்றத்தின் குறியும் தலைகீழ். இரண்டும் சேர்ந்து நேராகிவிடுவதால் ஆர் அலை மேலே நிற்கும் லீடில், ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலையும் மேல்நோக்கியே நிற்கிறது.

தடித்த சுவரில் இந்த ஒழுங்கு குலைகிறது. பொட்டாசிய வாயில்கள் குறைந்ததால் ஒவ்வொரு செல்லும் ஓய்வுக்குத் திரும்ப நேரமெடுக்கிறது. மின் அலை வெளியடுக்குக்கு வந்து சேர்வதே தாமதம், அதன் மேல் இந்தத் தாமதமும் சேர்ந்தால் வெளியடுக்கு முந்திக்கொள்ளும் வழக்கம் போய்விடுகிறது. உள்ளடுக்கோ ரத்தம் பற்றாமல் தவிக்கிறது. விளைவாக, முதல் லீட், ஏவிஎல், வி5, வி6 ஆகியவற்றில் கியூஆர்எஸுக்கும் டி அலைக்கும் நடுவே உள்ள எஸ்டி பகுதி மெல்லக் கீழே சரிந்து, டி அலை தலைகீழாகக் கவிழ்கிறது. கவிழ்ந்த டி அலையின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது: இறங்கும் பக்கம் சாய்வாக, நிதானமாக, ஏறும் பக்கம் செங்குத்தாக, விறுக்கென்று. இதைத்தான் ரிப்போர்ட்டில் 'ஸ்ட்ரெயின் பேட்டர்ன்' என்று எழுதுகிறார்கள்.

உயரம் மட்டும் கூடிய தாளையும், உயரத்தோடு ஸ்ட்ரெயினும் சேர்ந்த தாளையும் ஒன்றாக எண்ணவே கூடாது. இரண்டாவதில் தசை உண்மையிலேயே தடித்திருக்கும் வாய்ப்பும் அதிகம், பின்னால் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பும் அதிகம். 1968ல் ரோமில்ட், எஸ்டஸ் இருவரும் உருவாக்கிய மதிப்பெண் முறை இதை நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. உயரத்துக்கு 3, ஸ்ட்ரெயினுக்கு 3, இடது மேலறை மாற்றத்துக்கு 3, மின்விசையின் மொத்தத் திசையான அச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தால் 2, கியூஆர்எஸ் அகலத்துக்கு 1, ஆர் உச்சி தாமதத்துக்கு 1. மொத்தம் 5 வந்தால் தடிப்பு உறுதி, 4 வந்தால் இருக்கலாம். உயரத்தை மட்டும் வைத்து யாரும் 5ஐத் தொட முடியாது என்பதைக் கவனியுங்கள். டிஜாக்சின் என்னும் இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஸ்ட்ரெயினுக்கான மதிப்பெண் 3லிருந்து 1 ஆகக் குறைகிறது, ஏனென்றால் அந்த மருந்தே எஸ்டி பகுதியைத் தொய்ய வைக்கும்.

இங்கே ஒரு ஆபத்தான குழப்பம் நேர்கிறது. இடப்பக்க லீட்களில் எஸ்டி இறங்கும்போது, எதிர்ப்பக்கம் இருக்கும் வி1 முதல் வி3 வரை எஸ்டி 2, 3 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். ஆர் அலையும் அங்கே மிகச் சிறியதாக இருக்கும். மாரடைப்பு மாதிரியே தோன்றும். தடிப்பினால் வந்ததென்றால் எஸ் அலை எவ்வளவு ஆழமோ அதற்குத் தக்கபடி எஸ்டி எழும்பியிருக்கும், பழைய ஈசிஜியிலும் அதே உருவம் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தாலும் மாறாது. மாரடைப்பின் எஸ்டி நிமிடத்துக்கு நிமிடம் உருமாறும். நெஞ்சுவலியோடு இருப்பவருக்கு இதை வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அங்கே அடுத்தடுத்த ஈசிஜியும், இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும்தான் பதில் சொல்லும்.

மேலறையும் தாளமும்

தடித்த சுவர் விறைப்பானது, எளிதில் விரிந்துகொடுக்காது. அதற்குள் ரத்தத்தை நிரப்ப இடது மேலறை கூடுதலாகத் தள்ள வேண்டும். நாளடைவில் அதுவும் பெரிதாகிறது. இரண்டாம் லீடில், மேலறைகளின் மின்னோட்டத்தைக் காட்டும் பி அலை மூன்று சின்னக் கட்ட அகலத்தைத் தொட்டு, உச்சியில் பிளவு விடும். வி1ல் பி அலையின் பின்பாதி ஒரு சின்னக் கட்ட ஆழமும் ஒரு சின்னக் கட்ட அகலமும் உள்ள பள்ளமாக இறங்கும். பலர் கியூஆர்எஸையே பார்த்துக்கொண்டிருப்பதால் இந்தப் பள்ளம் கவனத்துக்கு வராமல் போகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பு வருவதற்கு இழுபட்ட மேலறை நல்ல விளைநிலம். விறைத்த கீழறைக்கு மேலறையின் கடைசித் தள்ளல் மிகவும் தேவை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அந்தத் தள்ளல் நின்றுபோவதால், தடித்த இதயம் உள்ளவருக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது. பக்கவாத ஆபத்தும் கூடவே வருகிறது.

கீழறையிலும் தாளம் தப்பலாம். நார்த்திசு படிந்த தசையில் மின் அலை ஓரிடத்தில் தடைபட்டு, சுற்றுவழியாக மெதுவாகப் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி தூண்டும். ஒரு வட்டம் உருவாகிவிட்டால் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, அதாவது கீழறையிலிருந்தே கிளம்பும் வேகமான துடிப்பு. இன்னொரு வழி, ஓய்வுக்குத் திரும்புவது தாமதமாவதால், கியூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலை முடியும் வரையுள்ள கியூடி இடைவெளி நீள்வது. ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் அது இன்னும் நீளும். உயர் ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இவை இரண்டும் குறைய வாய்ப்பு உண்டு. அதனால் தடிப்பும் இந்த மாத்திரையும் சேர்ந்திருக்கும்போது அவ்வப்போது பொட்டாசியம் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. கியூடியை நீட்டக்கூடிய சில ஆன்டிபயாடிக் மருந்துகளையும் மனநல மருந்துகளையும் தொடங்கும் முன் இதயத் தடிப்பு இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தாள் எங்கே ஏமாற்றும்

தசைக்கும் எலெக்ட்ரோடுக்கும் நடுவே இருப்பவை எல்லாம் உயரத்தை மாற்றும். ஒல்லியான இளைஞருக்கு மார்புச் சுவர் மெல்லியது. இதயம் முற்றிலும் நன்றாக இருக்கும்போதே 35 மில்லிமீட்டரை எளிதாகத் தாண்டுவார். உடல் பருமன், காற்றடைத்துப் பெருத்த நுரையீரல், இதயத்தைச் சுற்றி நீர் கோர்ப்பது இவையெல்லாம் உயரத்தைக் குறைத்து, உண்மையான தடிப்பையே மறைத்துவிடும். எக்கோவில் தடிப்பு உறுதியானவர்களில் பாதிப் பேரைக்கூட ஈசிஜி பிடிப்பதில்லை. ஆகவே ஈசிஜி நன்றாக இருப்பதால் தடிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எடுக்கும் முறையிலும் தவறு நேரும். வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் வலது, இடது ஓரங்களில் ஒட்டப்பட வேண்டும். வி4 ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில். விலாவை விரலால் எண்ணாமல் கண்மதிப்பில் ஒட்டினால் வி1 ஒன்றிரண்டு இடைவெளி மேலே போய்விடும், ஆர், எஸ் உயரங்களும் பி அலையின் உருவமும் மாறும். தாளின் ஓரத்தில் ஒரு செவ்வகக் குறி இருக்கும். அது 10 மில்லிமீட்டர் உயரம் என்றால் 1 மில்லிவோல்ட், சரியான அளவு. 5 மில்லிமீட்டர் என்றால் அலைகள் பாதியாகச் சுருக்கி வரையப்பட்டிருக்கின்றன. கூட்டிப் பார்க்கும் முன் இரண்டால் பெருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பாடம் நிறைந்த ஏமாற்று அமிலாய்டு நோய். எக்கோவில் சுவர் 15, 16 மில்லிமீட்டர் என்று தடித்துத் தெரியும். ஈசிஜியிலோ கை கால் லீட்களில் கியூஆர்எஸ் 5 மில்லிமீட்டரைக்கூட எட்டாமல் குன்றிக் கிடக்கலாம். சுவரைத் தடிக்கவைத்தது தசை அல்ல, செல்களுக்கு நடுவே படிந்த புரதம். புரதத்துக்கு மின்சாரம் எழுப்பத் தெரியாது. எக்கோவில் தடிமன், ஈசிஜியில் தாழ்ந்த அலை என்ற இந்தப் பொருத்தமின்மைதான் நோயைக் கண்டுபிடிக்க முதல் துப்பாக அமைகிறது. ஆனால் எல்லா அமிலாய்டு நோயாளிகளிடமும் அலை தாழ்ந்திருப்பதில்லை.

இதற்கு எதிர்க்கோடி, பரம்பரையாக வரும் ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. ரத்த அழுத்தமோ வால்வுக் கோளாறோ காரணமாக இல்லாமல் சுவர் 15 மில்லிமீட்டரைத் தொட்டால் இதைச் சந்தேகிப்பார்கள். ரத்த உறவில் யாருக்காவது இருந்தால் 13 போதும். செல்கள் வரிசை கலைந்து குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் ஈசிஜி பலரிடம் எக்கோவுக்கு முன்பே மாறிவிடுகிறது. ஆர் அலைக்கு முன்னால் ஊசிபோல ஒடுங்கி ஆழமாக இறங்கும் கியூ அலைகள் வரலாம். இதயத்தின் நுனி மட்டும் தடிக்கும் வகையில் வி4, வி5ல் டி அலை 10 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகக் கவிழ்ந்து நிற்கும். இதை ஜப்பானிய மருத்துவர்கள்தான் முதலில் விவரித்தார்கள். தீவிரமாக உடற்பயிற்சி செய்யும் விளையாட்டு வீரருக்கு உயரம் மட்டும் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். பக்கவாட்டு லீட்களில் டி அலை கவிழ்ந்திருந்தால் அதைப் பயிற்சியின் பலன் என்று தள்ளிவிடாமல் எக்கோவும், தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும் எடுத்தாக வேண்டும்.

வலது கீழறை தடித்தால் படம் திரும்பிவிடும்: வி1ல் ஆர் அலை 7 மில்லிமீட்டரைத் தாண்டி எஸ் அலையைவிடப் பெரிதாகும், அச்சு வலப்பக்கம் சாயும். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும் சில பிறவிக் குறைகளும் இதற்குக் காரணமாகின்றன.

அந்த வரி வந்தால் அடுத்து என்ன

ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விடாமல் வெவ்வேறு நாட்களில், வீட்டிலும் பார்க்க வேண்டும். எக்கோவில் சுவரின் தடிமனோடு தசை எடையையும் கேட்டு வாங்குங்கள். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஆணுக்கு 115 கிராம், பெண்ணுக்கு 95 கிராமுக்கு மேல் இருந்தால் தடிப்பு. காரணம் உயர் அழுத்தம்தான் என்றால் நல்ல செய்தி உண்டு. அழுத்தம் கட்டுக்குள் வந்தால் செல்கள் மெல்ல இளைக்கும், தாளில் உயரமும் இறங்கும். 2002ல் வெளியான, இரண்டு ரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்ட லைஃப் ஆய்வில் லோசார்டான் சாப்பிட்டவர்களுக்கு, அட்டெனலால் சாப்பிட்டவர்களைவிட ஈசிஜி தடிப்பு அதிகமாகக் குறைந்தது. பக்கவாதமும் குறைவாக வந்தது. படிந்த நார்த்திசு மட்டும் அவ்வளவு எளிதாகக் கரைவதில்லை. அதனால் தாமதிக்காமல் தொடங்குவது முக்கியம்.

முதல் ஈசிஜி தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் வி2ல் எஸ்டி எழும்பி நிற்கும்போது, அது புதிதா பழையதா என்று மருத்துவர் ஒரு நொடியில் முடிவெடுக்க அந்தத் தாள் உதவும். ஈசிஜி பெரும்பாலும் வெப்பத்தால் கறுக்கும் தாளில் அச்சாவதால் வெயிலும் சூடும் பட்டால் கோடுகள் மங்கிவிடும். கையில் வாங்கிய அன்றே கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி ஒரு நகல் எடுத்து, செவ்வகக் குறியும் தேதியும் அதில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.